ஆடியில் வாங்கிய குதிரை, ஆவணியில் மனக்கசப்பு

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கமுங்க. எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். பத்து மாடு வைத்துப் பால் ஊற்றுகிறோம். குதிரை வளர்க்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. இந்த ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு மார்வாரி ஆண் குதிரை வாங்கினேன். நான்கு வயது என்றார்கள். விலை ஒரு லட்சத்து எழுபதாயிரம். சந்தையில் யார் தொட்டாலும் பேசாமல் நின்றது. வீட்டுக்கு வந்தும் நான்கைந்து நாள் சாதுவாகத்தான் இருந்தது. இப்போது நான்கு வாரம் ஆகிறது. சேணம் கட்டப் போனால் கடிக்க வருகிறது. ஏறி உட்கார்ந்து கடிவாளத்தை இழுத்தால் நிற்காமல் குதிக்கிறது, முன்னங்காலைத் தூக்குகிறது. தோட்டத்தைத் தாண்டி வெளியே வர மாட்டேன் என்கிறது. இரவெல்லாம் கனைக்கிறது. தினமும் கொள்ளு மூன்று கிலோ, கோதுமைத் தவிடு இரண்டு கிலோ, மக்காச்சோளம் ஒரு கிலோ, அப்புறம் மாட்டுக்கு அறுக்கும் கோ-4 புல். குறை வைக்கவில்லை. மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் தனி ஷெட் போட்டுக் கட்டியிருக்கிறேன். சுழி சரியில்லை என்கிறார் அப்பா. குதிரை வந்த வாரம்தான் போர் மோட்டார் எரிந்தது. வீட்டில் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் மட்டும் விற்கக் கூடாது என்று அழுகிறான். எனக்கே இப்போது பக்கத்தில் போகப் பயமாக இருக்கிறது. விற்றுவிடலாமா?

பதில்: விற்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த மாதம் விற்காதீர்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு கோளாறுக்கும் குதிரையின் குணத்தைத் தவிர வேறு காரணம் இருக்க இடமுண்டு. வாய் வலி இருக்கலாம், தீவனத்தின் சூடு இருக்கலாம், தனிமை இருக்கலாம், பழைய முதலாளி பழக்கிய பழக்கம் இருக்கலாம். இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிச்சம் நிற்பதுதான் அதன் குணம். அதை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

பயப்படுவது சரிதான். முன்னூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பிராணி முன்னங்காலைத் தூக்கும்போது பயம் வராவிட்டால்தான் எனக்குக் கவலை. அதனால் கீழே சொல்லும் சோதனைகள் முடியும்வரை யாரும் அதன்மேல் ஏற வேண்டாம். பையன் ஷெட்டுக்குள்ளே தனியாகப் போகவே கூடாது. அவன் அழுதாலும் சரி.

வந்த புதிதில் சாதுவாக இருந்து, வாரம் திரும்பியதும் முரண்டு பிடிப்பது புதுக் குதிரைகளிடம் அடிக்கடி காண்பதுதான். அந்தியூருக்கு வரும் மார்வாரி, கத்தியவாரி குதிரைகளில் பல வடக்கிலிருந்து நாள்கணக்கில் லாரியில் நின்றபடி வந்தவை. அந்தக் களைப்பு, கூட்டம், இரைச்சல், அதற்கப்புறம் மறுபடியும் ஒரு வண்டிப் பயணம். முதல் சில நாள் நீங்கள் பார்த்தது அடக்கம் இல்லை, அசதியும் மிரட்சியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தச் சந்தையிலும் சில வியாபாரிகள் துள்ளுகிற குதிரைக்கு அமைதிப்படுத்தும் ஊசியும், நொண்டுகிற குதிரைக்கு வலி மருந்தும் போட்டு நிறுத்துவது உண்டு. முதலாவது சில மணி நேரத்தில் போய்விடும், இரண்டாவது ஓரிரு நாளில். உங்களுக்கு விற்றவர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. குதிரை வாங்கும்போது மறுநாளும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

இனி செய்ய வேண்டியது. முதல் வேலை டாக்டர். உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். அங்கே குதிரை பார்த்துப் பழக்கம் இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டுகிற தூரம்தான். அதற்கு முன்னால் நீங்களே சிலவற்றைப் பார்த்து எழுதி வைக்கலாம். குதிரை ஓய்வாக நிற்கும்போது ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். பின்னால் நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒட்டி நின்று வையுங்கள். நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். நாளைக்கு எட்டுத் தடவையாவது சாணி போட வேண்டும்.

டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டியது ரத்தப் பரிசோதனை. குதிரைக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதருக்கும் ஒட்டும். சரியான மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிரைப் பறிக்கும். மூக்கில் கெட்டியான சளி, தோலில் கட்டி வந்து உடைந்து புண்ணாவது அதன் அடையாளங்கள், ஆனால் வெளியே எதுவும் காட்டாமலும் குதிரை அதைச் சுமக்கும். நோய் உறுதியானால் 2009ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். இந்த நோய்க்கான தலைமை ஆய்வுக்கூடம் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம். வாங்கும்போது சான்றிதழ் எதுவும் தந்தார்களா? தரவில்லையென்றால் இப்போதாவது ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை குதிரையைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சர்ரா என்று இன்னொரு நோய். கடிக்கிற பெரிய ஈக்கள் மூலம் பரவும். காய்ச்சல் விட்டு விட்டு வரும், உடம்பு இளைக்கும், காலும் அடிவயிறும் வீங்கும். மாடுகள் அறிகுறியே காட்டாமல் இந்தக் கிருமியை வைத்திருக்கக் கூடும் என்பதால் உங்கள் பண்ணையில் இதையும் பார்த்துவிடுவது நல்லது. அப்படியே டெட்டனஸ் தடுப்பூசி. நமக்கு வருவதைவிடக் குதிரைக்கு டெட்டனஸ் சுலபமாக வரும். குளம்பில் ஒரு ஆணி குத்தினால் போதும்.

சரி, இப்போது கடிப்பதற்கும் குதிப்பதற்கும் வருவோம்.

அதன் வாயைத் திறந்து பார்த்தீர்களா? நாக்கின் ஓரத்திலும், உதடு சேரும் மூலையிலும், பல் இல்லாத ஈறு மேட்டிலும் வெட்டோ தழும்போ இருக்கிறதா பாருங்கள். சந்தையில் குதிரையோடு கொடுத்துவிடும் கடிவாளத்தில் வாய்க்குள் போகும் இரும்பில் முள் வைத்திருப்பது இன்னும் நடக்கிறது. சுமை, இழுவை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் முள் கடிவாளத்தைத் தடை செய்கின்றன. உங்களிடம் இருப்பது அதுவானால் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள், பழைய இரும்புக்குப் போடுங்கள். முள் இல்லாத வழவழப்பான இரும்பு, நடுவில் ஒரு மூட்டு உள்ளது, போதும். இழுத்தால் ஈறு கிழியும் என்று தெரிந்த குதிரை வலிக்குத் தப்பத் தலையைத் தூக்கும். இன்னும் இழுத்தால் அதற்குப் போக்கிடம் மேலேதான்.

பல்லையும் டாக்டர் பார்க்கட்டும். குதிரைக்கு முன்பற்கள் இரண்டரை வயதில் நடு ஜோடி, மூன்றரையில் அடுத்த ஜோடி, நாலரையில் ஓர ஜோடி என்று விழுந்து முளைக்கும். உங்கள் குதிரைக்கு நடு ஜோடி மட்டும்தான் நிலைப்பல் என்றால் அது நான்கு வயது அல்ல, மூன்று. மூன்று வயதுக் குட்டியின் முதுகெலும்பு இன்னும் முற்றவில்லை. பெரிய ஆள் ஏறி ஓட்டும் வயது இல்லை. தவிரவும் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சின்னஞ்சிறு பல் ஒன்று சில குதிரைகளுக்குக் குட்டியிலேயே முளைத்திருக்கும். கடிவாள இரும்பு அதில் இடித்தால் வலிக்கும். டாக்டர் எடுத்துவிடுவார்.

சேணம் கட்டும்போது மட்டும் கடிக்க வருகிறது என்றால் முதுகைத் தடவிப் பாருங்கள். பிடரி மயிர் முடிகிற இடத்தில் உயர்ந்து நிற்கும் எலும்புமேட்டின் மேல் சேணம் படக்கூடாது; ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் அங்கே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போனால், வலிக்கும் இடத்தில் குதிரை முதுகை வளைத்துக் காட்டும். சேணத்தை வயிற்றோடு கட்டும் வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல் இரண்டு மூன்று தவணையாக இறுக்குங்கள். வயிற்றுப் புண் உள்ள குதிரையும் வார் இறுக்கும்போதுதான் கடிக்கும். அதற்கும் உங்கள் தீவனத்துக்கும் தொடர்பு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இன்னொரு சந்தேகம் எனக்கு. இழுத்தால் குதிக்கிறது, முன்னங்கால் தூக்குகிறது என்கிறீர்களே, இது நாட்டியக் குதிரையாக இருக்குமோ? சந்தையில் மேளத்துக்குக் கால் மாற்றி ஆடும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பழக்கும் விதமே கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தட்டி எழுப்புவது. அந்தக் குதிரைக்குக் கடிவாளம் இறுகினால் ஆட வேண்டும் என்று அர்த்தம், நிற்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. நீங்கள் இன்னும் இறுக்கினால் இன்னும் நன்றாக ஆடும். அதைப் பொறுத்தவரை சொன்ன பேச்சைக் கேட்கிறது. சோதித்துப் பார்ப்பது சுலபம். யாரும் ஏறாமல், தள்ளி நின்று, போனில் மேளச் சத்தம் வையுங்கள். தாளத்துக்குக் கால் எழுந்தால் விஷயம் தெரிந்துவிடும். விற்றவருடைய போன் நம்பர் இருந்தால் சண்டைக்கு என்று பேசாமல் விவரம் கேட்பதற்கென்று பேசுங்கள். என்ன தீவனம் போட்டார், யார் ஏறினார்கள், என்ன சொன்னால் நிற்கும், ஊர்வலத்துக்குப் போயிருக்கிறதா, கூட எத்தனை குதிரை இருந்தன. விற்றுப் பணம் வாங்கியவர் பொய் சொல்ல அவ்வளவு அவசியம் இல்லாத கேள்விகள் இவை.

அப்படிப்பட்ட குதிரையைத் திருப்பிப் பழக்கலாம். அதற்குக் கடிவாளமே வேண்டாம். தலைக்கயிறு மட்டும் போட்டுக் கூட நடங்கள். நீங்கள் நின்றதும் அது நின்றால் உடனே கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். தளர்த்துவதுதான் அதற்குக் கூலி. நிற்பதற்கு ஒரே ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லாரும் அதே சொல். காலையில் கால் மணி, மாலையில் கால் மணி. தோட்டத்து வாசலைத் தாண்ட மறுத்தால் இழுத்துப் பறிக்காமல், தாண்டத் தயங்கும் இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புங்கள். மறுநாள் நாலடி கூடப் போகும். உங்களுக்குக் கை நடுங்கினால் கோயம்புத்தூரில் குதிரையேற்றம் சொல்லித்தரும் இடங்கள் உண்டு, அனுபவமுள்ள ஒருவரைச் சில நாள் வரவழையுங்கள். குதிரை விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவு இல்லை.

தீவனக் கணக்கைப் பார்த்துத்தான் நான் நிஜமாகவே கலங்கினேன். ஒரு நாளைக்கு ஆறு கிலோ தானியமும் தவிடும், அதுவும் வேலை இல்லாமல் கட்டுத்தறியில் நிற்கும் குதிரைக்கு. குறை வைக்கவில்லை என்கிறீர்கள், குறைதான் வைக்க வேண்டும்.

நீங்கள் மாட்டுக்காரர் என்பதால் இதை விளக்கமாகச் சொல்கிறேன். மாடு அசைபோடும், தின்றது முதலில் பெரிய இரைப்பையில் ஊறும். குதிரைக்கு இரைப்பை சிறியது, பத்துப் பதினைந்து லிட்டர் பிடித்தால் அதிகம். நாரைச் செரிக்கும் கிருமிகள் அதற்கு வயிற்றின் கடைசியில், பெருங்குடலில் இருக்கின்றன. மாவுச்சத்து அளவுக்கு மீறினால் செரிக்காமல் அங்கே போய்ப் புளிக்கும். வயிற்று வலி வரும், குளம்புக்குள் வீக்கம் வந்து நிரந்தர நொண்டியாகும். மேலும் குதிரையின் இரைப்பையில் அமிலம் இருபத்துநாலு மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். காலையும் மாலையும் தானியத்தைக் கொட்டிவிட்டு நடுவில் வெறும் வயிறாக விட்டால் புண் வராமல் என்ன செய்யும்? அந்தப் புண்தான் வார் இறுக்கும்போது பல்லைக் காட்டுகிறதோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. இதெல்லாம் போக, செலவழிக்க வழியில்லாத அவ்வளவு சத்தும் துள்ளலாகத்தான் வெளியே வரும்.

முதலில் எடை தெரிய வேண்டும். டேப் எடுத்து முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து கொள்ளுங்கள். தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பின் முனைவரை நீளம் அளந்து கொள்ளுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறக்குறைய வந்துவிடும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் சுமார் 323 கிலோ. இந்த எடைக்கு நாளைக்கு நூற்றுக்கு இரண்டு வீதம், ஆறரை கிலோ காய்ந்த தீவனம் போதும். அதில் பெரும்பகுதி புல்லும் தட்டுமாக இருக்க வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்பதால் பச்சையாகக் கணக்குப் போட்டால் முப்பது கிலோவைத் தாண்டும்.

ஆனால் கோ-4 மட்டும் போட்டுக் குதிரை வளர்க்க முடியாது. நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் போட்டுவிடும். மாட்டின் இரைப்பைக் கிருமிகள் அதைச் சமாளிக்கும், குதிரையால் முடியாது. நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப் புல்லிலும் இதே சிக்கல் உண்டு. இதோடு நீங்கள் போடும் கோதுமைத் தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைப்போல் சுமார் பத்து மடங்கு பாஸ்பரஸ். இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கும். சில மாதத்தில் முக எலும்பு இரு பக்கமும் உப்பும், காரணம் தெரியாமல் கால் மாற்றி மாற்றி நொண்டும். நான்கு வாரத்தில் வருகிற கோளாறு இல்லை இது, ஆனால் பொங்கலுக்குள் வரக் கூடியது. மாட்டுப் பண்ணையில் வளரும் குதிரைக்கு வருகிற ஆபத்து பெரும்பாலும் இப்படி நல்ல மனசோடுதான் வருகிறது.

அதனால் தவிட்டை நிறுத்துங்கள். அருகம்புல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. காய்ந்த சோளத்தட்டு, மண் உதறிய நல்ல கடலைக்கொடி, ஒன்றிரண்டு கிலோ குதிரைமசால் அல்லது வேலிமசால், கொஞ்சம் கோ-4 என்று கலந்து போடுங்கள். இளம் பச்சைச் சோளத்தை அறுத்துப் போட வேண்டாம். கொள்ளு வேகவைத்தது ஒரு கிலோ போதும், அதுவும் வேலை செய்யத் தொடங்கிய பிறகு. மக்காச்சோளம் வேண்டவே வேண்டாம் என்பேன். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையை இளக்கி அழித்துவிடும், அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அரிது. நாளைக்கு முப்பது கிராம் உப்பு, எந்நேரமும் சுத்தமான தண்ணீர். நம் வெயிலில் நாற்பது லிட்டருக்கு மேலும் குடிக்கும். இந்த மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். சட்டென்று மாற்றினாலும் வயிற்று வலிதான்.

மாட்டுக் கலப்புத் தீவன மூட்டையைக் குதிரை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மாடு, கோழித் தீவனங்கள் சிலவற்றில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து கொஞ்சம் போனாலும் குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். குதிரை படுத்துப் புரண்டாலோ, திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தாலோ, சாணி நின்றாலோ தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கும் போன் செய்யுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மாட்டுக்குப் புகட்டுகிற மாதிரி மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றிவிடாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

இரவெல்லாம் கனைப்பது கூப்பிடுவதுதான். கூட்டமாக வாழும் பிராணியைப் பிரித்துக் கொண்டுவந்து, மாடுகூடக் கண்ணில் படாத ஷெட்டில் தனியாகக் கட்டியிருக்கிறீர்கள். தோட்டத்தைத் தாண்ட மறுப்பதும் இதே தவிப்பின் இன்னொரு முகம். மாடுகள் தெரியும்படி ஷெட்டின் ஒரு பக்கத் தடுப்பை எடுத்துவிடுங்கள். ரத்தச் சோதனை வரும்வரை மாடுகளோடு ஒட்டக் கட்ட வேண்டாம், பார்வைக்குத் தெரிந்தால் போதும். அப்புறம் ஒரு வெள்ளாட்டைத் துணைக்கு விட்டுப் பாருங்கள், பல குதிரைகள் ஆட்டோடு ஒட்டிக்கொள்ளும். முன்கால் பின்கால் கட்டு இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அடைப்பில் கட்டாமல் விடுவதும், பகலில் சில மணி நேரம் வேலியடைத்த இடத்தில் திரிய விடுவதும் பாதிக் கோளாறைத் தீர்க்கும். கிளுவை வேலி இருந்தால் நல்லது. முள்கம்பியாக இருந்தால் அந்தப் பக்கம் விடாதீர்கள், மிரண்ட குதிரை கம்பியைப் பார்ப்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சரிசெய்யக் கூடியவை. ஒன்று மட்டும் தீவனத்தாலும் துணையாலும் சரியாகாது. காயடிக்காத இளம் ஆண் குதிரை, முதல்முறை குதிரை வளர்ப்பவர் வீட்டுக்கு, அதுவும் பன்னிரண்டு வயதுப் பையன் ஏறுவதற்கு, பொருத்தமான குதிரை இல்லை. இதில் நான் இரண்டு மனதாகச் சொல்ல மாட்டேன். காற்றில் பெட்டைக் குதிரையின் வாடை வந்தாலே அதன் கவனம் உங்களிடம் இருக்காது. வைத்துக்கொள்வதாக இருந்தால் காயடித்துவிடுங்கள். கம்பீரம் போய்விடும் என்பார்கள். வளர்ந்த குதிரையின் கம்பீரம் எங்கேயும் போகாது, கழுத்துத் திமிர் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மாட்டுக்குச் செய்வதுபோல் கிடுக்கி போட்டு நசுக்குவது குதிரைக்கு ஆகாது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை, டெட்டனஸ் ஊசி போட்ட பிறகு டாக்டர் செய்ய வேண்டும். குணம் மெல்ல மெல்ல, சில வாரங்களில் இருந்து சில மாதங்களில் மாறும். பழகிப்போன கெட்ட பழக்கத்தைத் தனியாகத்தான் திருத்த வேண்டும். விற்பதாக முடிவு செய்தால் மட்டும் காயடிக்காதீர்கள். இனவிருத்திக்கு வாங்குபவர் வரலாம், விலையில் வித்தியாசம் தெரியும்.

அப்பா சொல்லும் சுழிக்கு வருகிறேன். நெற்றியிலும் கழுத்திலும் முடி சுழன்று நிற்கும் இடத்தை வைத்துக் குதிரைக்கு ராசி சொல்வது நம் ஊரில் மட்டுமல்ல, மார்வார், கத்தியவாரிலும் உண்டு. பெரியவரிடம் வாதம் செய்ய வேண்டாம். மோட்டார் எரிந்ததற்குக் குதிரை காரணம் இல்லை என்று உங்களுக்கே தெரியும். ஆனால் சுழி பார்த்து வாங்குபவர்கள் நிறைய இருப்பதால், அப்பா சொல்லும் சுழி உண்மையிலேயே ஆகாத சுழி என்று பேர் வாங்கியதானால், நீங்கள் விற்கப் போகும்போது விலை இறங்கும். நீங்கள் வாங்கிய விலையிலேயே அந்தக் கழிவு இருந்ததா என்று தெரிந்தவரிடம் கேட்டுவையுங்கள். எனக்குச் சுழியில் நம்பிக்கை இல்லை, சந்தைக்கு இருக்கிறது.

மனைவியின் கோபத்துக்கு மருந்து என் தொழிலில் இல்லை. ஆனால் மாதச் செலவை ஒரு நோட்டில் எழுதி அவர் முன்னால் வையுங்கள் என்பேன். தீவனம், பூச்சி மருந்து, தடுப்பூசி, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுவது. தோட்டத்து மண்ணில் நடக்கும் குதிரைக்கு லாடம் அவசியமில்லை, தார் ரோட்டில் ஓட்டினால்தான். மாட்டு லாடக்காரரிடம் குதிரைக் குளம்பைக் கொடுக்காதீர்கள், அமைப்பே வேறு.

தீபாவளி வரை தவணை வைத்துக்கொள்ளுங்கள். வாய் ஆறி, தீவனம் மாறி, துணை கிடைத்து, தினமும் தலைக்கயிற்றில் நடந்த பிறகும் உங்கள்மேல் காதை மடக்கிக்கொண்டு பாய்கிறது என்றால் விற்றுவிடுங்கள். குதிரை திருந்தி, நீங்கள் மட்டும் காலையில் ஷெட்டுக்குப் போகவே மனமில்லாமல் இருந்தாலும் விற்றுவிடுங்கள், அதுவும் நியாயமான காரணம்தான். ஆனால் தரகரிடம் கயிற்றை மாற்றிவிட்டுக் கைகழுவாதீர்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று குதிரை வைத்திருப்பவராகப் பார்த்து, கிளாண்டர்ஸ் முடிவைக் கையில் கொடுத்து, கடித்தது, எழும்பியது, ஆட்டப் பழக்கம் இருந்தால் அது என்று எல்லாவற்றையும் சொல்லி விற்றுவிடுங்கள். பத்தாயிரம் இருபதாயிரம் குறையலாம். பையன் அப்போதும் குதிரை வேண்டும் என்றால், பன்னிரண்டு பதினைந்து வயதான, பலர் ஏறிப் பழகிய ஒரு பெட்டைக் குதிரையையோ காயடித்த மட்டக் குதிரையையோ பாருங்கள். ஹெல்மெட்டை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.